பரம்பரையாய் வருவது கசம் அல்ல

(திருகோணமலை அன்புவழிபுரத்தில் உலகக் காசநோய் தினக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் நிலத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, கதவடியில் நின்றுகொண்டு மணிக்கூட்டைப் பார்க்கிற தம்பிமாரே!

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் "வைத்தியர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அச்சுக்கூடத்தாரின் அன்புக்கு நன்றி. ஆனால் நான் வைத்தியர் அல்ல. முப்பது வருடம் மருந்தறை யன்னலுக்குப் பின்னால் நின்று குளிசை எண்ணியவன். வைத்தியர் எழுதுவார், நான் எண்ணுவேன். அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. வைத்தியருக்கு முன்னால் வாய் திறக்காத சனம், மருந்து யன்னலில் எல்லாவற்றையும் சொல்லும்.

அப்படி ஒரு நாள் ஒரு தாய் வந்து நின்றார். மகனுக்கு ரீபி, அதாவது கசம். ஆறு மாதக் குளிசை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அந்தத் தாய் சந்தோசப்படவில்லை. "ஐயா, சம்பந்தம் பேசி வந்த ஆக்கள் திரும்பிப் போயிட்டினம். அந்தக் குடும்பத்தில கசம் ஓடுது எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். இது பரம்பரையோ ஐயா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் அரைப் பதில்தான் சொன்னேன். மீதி அரைவாசியை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: நெஞ்சு வருத்தத்தில் பரம்பரையாய் வருவது எது? வராதது எது?

முதலில் வராததைச் சொல்லிவிடுகிறேன். கசம் பரம்பரையாய் வருவதில்லை. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி, பெர்லினில், ரொபேர்ட் கொக் என்ற வைத்தியர் எழுந்து நின்று, இது ஒரு கிருமியால் வருகிறது என்று காட்டினார். அந்த நாளைத்தான் இன்றைக்கு நாம் கொண்டாடுகிறோம். அப்படியென்றால் ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் எப்படி வருகிறது? ஒரே அறை. ஒரே காற்று. யன்னலையும் சாத்திவிட்டுப் படுக்கிறோம். குடும்பத்தில் ஓடுவது இரத்தம் அல்ல, காற்று.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் வருத்தம் வருவதுமில்லை. பத்துப் பேருக்குள் போனால் ஒன்பது பேருடைய உடம்பு அதை வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்துக்கொள்ளும். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதில் சத்துக் குறைவு, நீரிழிவு, சிகரெட், குடி எல்லாவற்றுக்கும் பங்குண்டு. உடம்பின் வாகுக்கும் கொஞ்சம் பங்குண்டு, மறைக்கவில்லை. ஆனால் கிருமி இல்லாமல் எந்த வாகும் யாருக்கும் கசத்தைக் கொடுக்காது.

சரி. அப்படியென்றால் பரம்பரையாய் வருவது எது?

இங்கே உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்கள் புத்தகத்தில் "பரம்பரையலகு" என்று இருக்கும். தமிழ்நாட்டில் அதையே "மரபணு" என்பார்கள். சொல் எதுவானாலும் பொருள் ஒன்று: தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என்று நமக்குக் கிடைக்கிற எழுத்து. அந்த எழுத்தில் ஆளுக்காள் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. ஓரெழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். தமிழ் படித்த நமக்கா இது விளங்காது? "மரம்" என்பதில் ஓரெழுத்து மாறினால் "மடம்". நிழல் இரண்டிலும் உண்டு, ஆனால் ஒன்று வேறு, மற்றது வேறு.

அந்த ஓரெழுத்து நெஞ்சு வருத்தத்தில் என்ன செய்தது என்பதற்கு நான் சுவீடனுக்கோ அமெரிக்காவுக்கோ உங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், மதராசுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

1956ஆம் ஆண்டு மதராசில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்திய நிலையம். தலைமை தாங்க வந்தவர் வாலஸ் பொக்ஸ் என்ற ஆங்கிலேயர். தேவதத்தா, கங்காதரம், இராமகிருஷ்ணன், வேலு என்று நம் பக்கத்துப் பெயர்கள் அவரோடு நின்றன. அந்த நிலையம் இன்றைக்கும் சென்னையில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கசம் வந்தால் என்ன செய்வார்கள்? சானட்டோரியத்தில் போடுவார்கள். நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு. ஏழைக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்? மதராஸ்காரர்கள் துணிந்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே மருந்தைக் கொடுத்து, பாதிப் பேரைச் சானட்டோரியத்திலும் பாதிப் பேரைச் சேரி வீட்டிலும் வைத்தால் என்ன ஆகும்? வீட்டிலிருந்தவர்கள் குறைவாய்ச் சாப்பிட்டார்கள். ஓய்வும் குறைவு. நெருக்கமோ சொல்ல வேண்டாம். ஆனாலும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சுகமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் வருத்தம் கூடவில்லை. 1959இல் இந்த முடிவு அச்சில் வந்தது. உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இன்றைக்கு நீங்கள் குளிசையை வீட்டுக்குக் கொண்டுபோய் விழுங்குகிறீர்களே, அது மதராஸ் சேரிகளில் நிரூபிக்கப்பட்ட உரிமை.

ஆனால் நான் சொல்ல வந்த கதை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த மருந்துகளில் தலையாயது ஐசோனியசிட். அதற்கே ஒரு கதை உண்டு. 1912இல் பிராக் நகரத்தில் இரண்டு இரசாயனவியலாளர்கள் அதை உண்டாக்கினார்கள். எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாமல் நாற்பது வருடம் கிடந்தது. 1952இல்தான் அது கசத்தைக் கொல்லும் என்று உலகுக்குத் தெரிந்தது. கையில் மருந்து இருந்தும் நாற்பது வருடம் சனம் செத்தது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மதராசில் இந்தக் குளிசையைக் கொடுத்துவிட்டுச் சில மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அளந்தார்கள். ஒரே நிறையுள்ள இரண்டு பேர், ஒரே குளிசை. ஒருவருடைய இரத்தத்தில் மருந்து நிறைய இருக்கிறது. மற்றவருடையதில் துடைத்துவிட்டாற் போல் இல்லை. ஏன்?

நம் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்து நிற்கிறது. சரக்கு இறக்க இரண்டு அணி ஆட்கள். ஓர் அணி சுறுசுறுப்பு, விடியுமுன் கப்பலைக் காலி பண்ணிவிடும். மற்ற அணி ஆறுதல், வெற்றிலை போட்டுப் போட்டு இறக்கும். நம் ஈரலில் ஒரு நொதியம் இருக்கிறது. ஐசோனியசிட் வந்ததும் அதன்மேல் ஒரு முத்திரை குத்தி, செயலிழக்கச் செய்து, சிறுநீர் வழியாய் வெளியே அனுப்புவதுதான் அதன் தொழில். சிலருக்கு அந்த அணி சுறுசுறுப்பு, ஒரு மணி நேரம் அளவில் மருந்து பாதியாகிவிடும். சிலருக்கு ஆறுதல், பாதியாக மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

யார் சுறுசுறுப்பு, யார் ஆறுதல்? உடற்பயிற்சியாலோ சாப்பாட்டாலோ வருவதல்ல இது. 1960இல் பிறைஸ் எவன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 53 குடும்பங்களை எடுத்து, தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லோருக்கும் மருந்து கொடுத்து அளந்து பார்த்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஆறுதல் எழுத்தே கிடைத்தால்தான் பிள்ளை ஆறுதல். ஒரு பக்கமாவது சுறுசுறுப்பு எழுத்து வந்தால் பிள்ளை அவ்வளவு ஆறுதல் அல்ல. எட்டாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது அந்தப் பரம்பரையலகு. நொதியத்தைச் செய்யச் சொல்லும் பகுதி வெறும் 870 எழுத்து. அதில் ஓரிரண்டு எழுத்து மாறினால் அணி ஆறுதலாகிவிடும்.

இப்போது விளங்குகிறதா? கசம் பரம்பரை அல்ல. கசத்துக்கான மருந்தை உடம்பு எரிக்கும் வேகம்தான் பரம்பரை!

மதராசில் அளந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர் ஆறுதல்காரர். யப்பானில் பத்துக்கு ஒன்பது பேர் சுறுசுறுப்பு. எகிப்தில் ஆறுதல்காரரே பெரும்பான்மை. ஒரே குளிசை, நாட்டுக்கு நாடு வேறு வேலை. இந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தால், மதராஸ் கணக்குப்படி 60 பேர் ஆறுதல்காரர். பக்கத்தில் இருப்பவரை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

இதனால் நல்லதா, கெட்டதா? இரண்டும்தான்.

முதலில் ஆறுதல்காரர் கதை. மருந்து கனநேரம் உடம்பில் நிற்கிறது, கிருமிக்குக் கேடு. ஆனால் அது தனியாய்ப் போகாது. போகும்போது விற்றமின் பி6ஐயும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். மதராசில் ஒரே தடவையில் கூடிய அளவு எடுத்தவர்களுக்குக் கால் விறைத்தது, உள்ளங்கால் எரிந்தது. அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் ஆறுதல்காரர். அதற்கு அவர்கள் கண்ட மருந்து எவ்வளவு தெரியுமா? நாளுக்கு 6 மில்லிகிராம் பி6. அவ்வளவு கொடுத்தாலே கால் எரிவு வராமல் தடுக்கலாம் என்று 1963இல் எழுதினார்கள்.

என் யன்னலில் அந்தச் சின்னக் குளிசைக்குச் சனம் வைத்த பெயர் "சத்துக் குளிசை". "சத்துக் குளிசைதானே, வேண்டாம் ஐயா, சோறு தின்னுறன்" என்று திருப்பித் தந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு கரைவலைக்காரர் அப்படித் திருப்பித் தந்தவர். இரண்டு மாதம் கழித்து வந்து, "மணல் சுடுதா, கால் சுடுதா எண்டு தெரியேல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் அதை விட்டதே இல்லை. என்னிலும் பிழை உண்டு. அது எதற்கு என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணிக் கொடுத்தேன், சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆறுதல்காரருக்கு ஈரலிலும் கவனம் வேண்டும். ஐசோனியசிட்டால் ஈரல் பழுதுபடும் ஆபத்து அவர்களுக்குக் கூட. கண் மஞ்சளானால், ஓயாமல் சத்தி வந்தால், சாப்பாட்டைக் கண்டால் அருவருத்தால், அன்றைக்கே கிளினிக்குக்கு ஓட வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போவதற்குப் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் குளிசையின் சாயம்.

இனிச் சுறுசுறுப்புக்காரர். மதராஸ்காரர்களுக்கு ஓர் ஆசை இருந்தது. தினம் தினம் ஏழையால் வர முடியாது, கிழமைக்கு ஒரு தரம் வந்து மருந்தெடுத்தால் போதாதா? ஊசியும் கூடிய அளவு ஐசோனியசிட்டுமாய்க் கொடுத்துப் பார்த்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் என்றபோது நன்றாய் வேலை செய்தது. கிழமைக்கு ஒன்று என்றபோது ஆறுதல்காரர் ஓரளவு தப்பினார்கள், சுறுசுறுப்புக்காரர் பின்தங்கினார்கள். மருந்து போய்விட்டது, கிருமி தலை தூக்கிவிட்டது.

தினமும் விழுங்கியபோது? தினமும் விழுங்கியபோது அந்த வேறுபாடு பெரிதாய்த் தெரியவே இல்லை! இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. தினமும் குளிசை போடுகிறவனிடம் பரம்பரையலகு வாய் திறப்பதில்லை. விட்டு விட்டுப் போடுகிறவனிடம்தான் அது பேசத் தொடங்குகிறது.

இந்த மாவட்டத்துக்கு இது வெறும் ஏட்டுக் கதை அல்ல. தொண்ணூறாம் ஆண்டு போரில் இடம்பெயர்ந்த சனத்தில், உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் எத்தனை பேர்! அடுப்பில் சோறு, அலுமாரியில் குளிசைப் போத்தல். பாயில் படுத்திருந்த ஆளைத் தூக்கினார்கள், போத்தலைத் தூக்கவில்லை. யார் குறை சொல்ல முடியும்? முகாமில் மாதக் கணக்கில் மருந்தில்லாமல் இருந்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிருமி போனாலும் நெஞ்சில் தழும்பு நின்றுவிட்டது. ஒரு படி ஏறினால் முட்டு. காலம் முழுக்க மூச்சுக்கு அந்தரம்.

இனி மீன் கதை. திருகோணமலையில் பேசிவிட்டு மீனைப் பற்றிப் பேசாமல் போனால் வீட்டில் சோறு போட மாட்டார்கள்.

ஒரு வீட்டில் சூரை மீன் குழம்பு. ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. ரீபிக் குளிசை எடுக்கிற ஐந்தாவது ஆளுக்கு மட்டும் முகம் செக்கச் சிவக்கிறது, தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் கடி. "மருந்து ஒத்துவரேல்ல" என்று குளிசையைத் தூக்கி எறிகிறார். சிலர் செய்வினை என்றும் சொல்வார்கள்.

இந்த மர்மத்தை உடைத்ததில் நம் நாட்டு வைத்தியர்களுக்குப் பெரிய பங்குண்டு. மார்பு நோய் வைத்தியர் ஊரகொட, மருந்தியல் பேராசிரியர் கொட்டேகொட இருவரும் 1977இல் எழுதினார்கள். 1981இல் சேனநாயக்க, வைரவநாதன் இருவரும் எழுதினார்கள். சூரை வகை மீன் வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும். காய்ச்சினாலும் அது போகாது. சாதாரண ஆளின் குடலில் உள்ள நொதியம் அதைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட் அந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போடும். ஆகவே குற்றவாளி குளிசையுமல்ல, குழம்புமல்ல. இரண்டும் ஒரே வயிற்றில் சந்தித்ததுதான். குளிசை எடுக்கிற ஆறு மாதமும் சூரையைத் தள்ளி வையுங்கள். குளிசையை எறிய வேண்டாம், மீனை மாற்றுங்கள். இந்தக் கடலில் வேறு மீனா இல்லை?

உலகத்தில் உண்மையாகவே பரம்பரையாய் வருகிற நெஞ்சு வருத்தமும் உண்டு. சுருக்கமாய்ச் சொல்கிறேன். 1963இல் சுவீடனில் லோரெல், எரிக்சன் என்ற இருவர், இரத்தப் புரதத்தைப் பிரித்துப் பார்த்தபோது சிலருடைய தாளில் ஒரு கோடு இல்லாததைக் கண்டார்கள். நுரையீரலை அரிப்பிலிருந்து காக்கும் ஒரு புரதம் அவர்களுக்குக் குறைவு. அப்படிப் பிறந்தவர் சிகரெட் பிடித்தால் முப்பது, நாற்பது வயதிலேயே நுரையீரல் ஓட்டைப் பையாகிவிடும். பிடிக்காவிட்டால் பலர் நீண்ட காலம் வாழலாம். அங்கேயும் பாருங்கள், எழுத்து பாதி சொல்கிறது, மீதியை நெருப்புப் பெட்டி சொல்கிறது. அந்த எழுத்து வட ஐரோப்பாவில்தான் கூட, நம் பக்கத்தில் மிக அரிது. நம்மவருக்குக் கேடு செய்வது சுருட்டும், பீடியும், புகைபோக்கி இல்லாத விறகடுப்பும்.

தொய்வை, அதாவது ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்கக் காத்திருக்கிற தாய்மாருக்கு ஒரு சொல். தொய்வு குடும்பங்களில் வருவது உண்மை. 2007இல் பதினேழாம் நிறமூர்த்தத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள், சின்ன வயதில் வருகிற தொய்வோடு சம்பந்தப்பட்டது. ஆனால் அந்த ஓரிடத்தால் மட்டும் தொய்வு வருவதில்லை. பல எழுத்துகள் சேர வேண்டும், தூசியும் புகையும் சளியும் சேர வேண்டும். பிள்ளைக்கு "பம்" தந்தால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். பம் பழக்கமாகிவிடும் என்ற கதையை யார் தொடங்கினாரோ, அவர் ஒரு நாள் இரவு மூச்சு முட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியென்றால் இரத்தம் எடுத்து எழுத்தைப் படித்து, ஆளுக்கேற்ற அளவில் மருந்து கொடுத்தால் என்ன? நல்ல கேள்வி. யப்பானில் செய்து பார்த்தார்கள். ஆறுதல்காரருக்கு அளவைக் குறைத்து, சுறுசுறுப்புக்காரருக்குக் கூட்டிக் கொடுத்தபோது ஈரல் பழுதும் குறைந்தது, மருந்து பலிக்காமல் போவதும் குறைந்தது. 2013இல் அது வெளிவந்தது. ஒரு நாள் இங்கேயும் வரும், வர வேண்டும்.

அதற்கு நம் எழுத்து உலகத்தாரின் ஏட்டில் இருக்க வேண்டும். இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. "ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்" என்று ஒன்று. 26 மக்கள் கூட்டங்களிலிருந்து 2,504 பேருடைய எழுத்தைப் படித்து 2015இல் வெளியிட்டார்கள். அந்த 26இல் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? "ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்". 102 பேர். உங்களில் எத்தனை பேருக்கு லண்டனில் அண்ணன், மச்சாள், மருமகன்? இங்கிருந்து ஓடிப்போன சனத்தின் இரத்தம் அங்கே போய் உலகப் பொது ஏட்டில் ஏறியிருக்கிறது. எனக்கு அதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. நம்மை அறிய உலகம் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. இங்கே கதவடியில் நிற்கிற தம்பிமாரில் ஒருவர் அந்த வேலையை இந்த மண்ணில் செய்ய வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தது போதும், தம்பி.

அதுவரைக்கும் என்ன செய்வது? இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் மார்புச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சளி கொடுங்கள். சோதனைக்குக் காசில்லை. குளிசைக்கும் காசில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. சுகமானாற் போல் இருக்கிறது என்று மூன்றாம் மாதம் நிறுத்தாதீர்கள்.

அந்தத் தாயை நான் பிறகு காணவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி உங்களில் யாராவது சம்பந்தம் பேசி ஒரு வீட்டுக்குப் போனால், "இந்தக் குடும்பத்தில ரீபி இருந்ததோ?" என்று கேட்காதீர்கள். "பொடியன் குளிசையை முடிச்சவனோ?" என்று கேளுங்கள். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை போட்டவன் என்றால், என் மகளை நான் கொடுப்பேன்.